ஏழாம் குழிக்குக் குறுக்கே ஒரு பாதை

அந்தோனியார்துறைக் கடற்கரைக் கோல்ஃப் கழகத்தின் வரலாற்றை எழுதப் புறப்பட்ட செயலாளர் பார்த்தீபன், கடைசியில் வந்து நின்றது மீன் விற்கும் அற்புதராணியின் வாசலில். கழகத்தின் பழைய பதிவுகள் யுத்தத்தோடு போய்விட்டன. 1925இல் சுங்கப் பகுதித் துரைமார் ஒன்பது குழி தோண்டி ஆரம்பித்தார்கள் என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. அற்புதராணிக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய தகப்பன் அடைக்கலநாதன் இருபத்திரண்டு வருடம் அங்கே புல்தரையைப் பராமரித்தவர்.

அவளுக்கு அறுபத்துமூன்று வயது. கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரோடு எழும்பி ஓடி, இருபத்தேழு வருடம் குருநகரில் வாடகை வீடுகளில் இருந்தாள். திரும்பிப் போகலாம் என்று அறிவித்த கிழமையே வந்து, இடிந்த சுவர்களுக்கு மேல் தகரம் போட்டுக் குடியேறினாள். பார்த்தீபன் லண்டனில் பொறியியலாளனாக இருந்தவன். அங்குள்ள நண்பர்களைச் சேர்த்துக் கழகத்தை மறுபடி எழுப்பியவனும் அவன்தான்.

மூன்று பின்னேரம் அவள் சொல்லச் சொல்ல, அவன் கைபேசியில் பதிந்துகொண்டான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எந்தக் குழியில் பந்தைத் திருப்பும், மாரியில் எது வெள்ளத்தில் தாழும் எல்லாம் சொன்னாள். பிறகு வலைப்பாதையைப் பற்றிச் சொன்னாள்.

"கோயிலடியிலை இருந்து கடலுக்குப் போற பாதை ஏழாம் குழிக்குக் குறுக்காலை போகுது. அது கழகத்துக்கு முந்தின பாதை. ஆக்கள் வலையோடை வந்தால் துரைமார் பந்து அடிக்காமல் நிப்பினம். அதை விடாமல் எழுதுங்கோ, தம்பி."

"ஓம் அம்மா, எழுதுறன்," என்றான் அவன்.

தகப்பன் புல்தரையை அழுத்தும் உருளையோடு நிற்கும் ஒரேயொரு படத்தையும் கொடுத்துவிட்டாள்.

ஆடி மாதம் புத்தகம் வந்தது. பதினாலாம் பக்கத்தில் படம் இருந்தது. கீழே 'கழக ஊழியர் ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். பாதையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முதல் பக்கத்தில், 1925க்கு முன் இது ஆளில்லாத வெறும் மணற்கரை என்று எழுதியிருந்தது. அற்புதராணி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

அதே கிழமை பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி போட்டார்கள். படகுகள் ஒரு பக்கம், றோட்டு மறுபக்கம். மீன் நிறைந்த பனையோலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் இரண்டு மைல் சுற்றிப் போகவேண்டியிருந்தது. அவர்கள் போய்ச் சேர, மீன் ஏற்றும் லொறி போய்விடும்.

அவள் கழகக் கந்தோருக்குப் போய், செயலாளரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"பந்து பட்டால் ஆர் பதில் சொல்றது? உங்கடை நன்மைக்குத்தானம்மா வேலி," என்றான் பார்த்தீபன்.

"இத்தினை வருசமாய் ஒருதருக்கும் படேல்லை."

"காணி உறுதி கழகத்தின்ரை பேரிலை இருக்குது."

"காணி உங்கடையாய் இருக்கட்டும். பாதை எங்கடை."

அவன் கதையை மாற்றினான். நூற்றாண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னான். அவள் சற்று யோசித்தாள்.

"ஓம். வாறன்."

விழா நாள் காலை அவள் றோட்டுப் பக்கத்தால் வரவில்லை. கடற்பக்கத்தால் வந்தாள். பின்னால் கடகங்களோடு பதினொரு பெண்கள். வேலியடியில் காவலுக்கு நின்ற கனிசியஸ் ஊரவன்தான்.

"அக்கா, உதிலை வரவேண்டாம். என்ரை வேலை போயிடும்," என்றான்.

"உன்னை ஒண்டும் செய்யச் சொல்லேல்லை. விலகி நில்."

அவன் விலகினான். அவள் கூட வந்த ஒருத்தியிடமிருந்து இரும்பு அலவாங்கை வாங்கி, இரண்டு வேலிக்கட்டைகளின் அடியைக் கிண்டினாள். மணலில் நட்ட கட்டைகள், கனநேரம் நிற்கவில்லை. சரிந்த கம்பியை மிதித்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் ஏழாம் குழியைக் கடந்தார்கள். வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் ஓங்கிய மட்டையை மெல்லக் கீழே விட்டார்.

பந்தலுக்குள் போய், மேடைக்கு முன்னால் கடகத்தை இறக்கிவைத்தாள். ஈரம் சொட்டிக் கம்பளத்தில் பரவியது. முன்வரிசைக் கதிரைகள் பின்னால் நகர்ந்தன. பார்த்தீபன் கிட்ட வந்து, "விழா முடியக் கதைப்பம், அம்மா," என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவள் அவனைத் தாண்டிப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"பதினாலாம் பக்கத்திலை நிக்கிறவர் என்ரை ஐயா. பேர் அடைக்கலநாதன். இந்தக் கரை ஆளில்லாத கரை எண்டு எழுதிக் கிடக்குது. எங்கடை ஆக்கள் பிறந்ததும் செத்ததும் இஞ்சைதான். எனக்குப் பொன்னாடை வேண்டாம். பாதையை விடுங்கோ."

ஒருவரும் கைதட்டவில்லை. அவளும் எதிர்பார்த்து நிற்கவில்லை. லொறி வரும் நேரமாகிவிட்டதால் கடகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் பொலிஸ் கூப்பிட்டது. "ஓம், நான்தான் கழட்டினனான்," என்றாள். கூட வந்தவர்களின் பேரைக் கேட்டபோது வாய் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் பதினொரு பேரும் தாங்களாகவே வந்து பொலிஸ் நிலைய வாசலில் நின்றார்கள்.

விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. நில அளவையாளர் எடுத்துவந்த பழைய வரைபடத்தில், கோயிலிலிருந்து கடல் வரை புள்ளிக்கோடு ஒன்று தெளிவாக ஓடியது. வழக்கு முடியும்வரை வேலி போடக்கூடாது என்று கட்டளை வந்தது. பார்த்தீபன் அவளுடைய தகப்பனின் பெயரைச் சேர்த்து, புத்தகத்தில் ஒட்டுவதற்குத் துண்டு அச்சடித்து அனுப்பினான். அதிலும் பாதை இல்லை. அவள் அதைத் திருப்பி அனுப்பினாள்.

வழக்கின் அடுத்த தவணை நாளில் கழகத்தின் சட்டத்தரணி சமாதானம் பேச வந்தார். பாதைக்குக் குறுக்கே கேற் ஒன்று போட்டு, காலை ஆறிலிருந்து ஒன்பது மணிவரை திறந்துவிடலாம் என்றார்.

"கடல் ஒன்பது மணிக்குப் பூட்டுறதோ?" என்று கேட்டாள் அற்புதராணி.

வழக்கைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவள் பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். மணி பன்னிரண்டரை. ஏழாம் குழியில் நாலு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் வெறுங்கையோடு, அவசரமில்லாமல், பாதையின் நடுவால் கடற்கரைக்கு இறங்கிப் போனாள்.