கியர் பூட்டு

எனக்கு அவன்மேல் பொறாமை இருந்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதலாம் என்று விட்டால் அதற்கு வேறு ஏதாவது கௌரவமான பெயர் வைத்துவிடுவேன்.

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருவரும் ஒரே தெரு, பள்ளியிலும் ஒரே பெஞ்சு. மூன்றாவது பாரத்தோடு அவன் படிப்பை விட்டுவிட்டு மெட்ராசுக்குப் போய் ஒரு மோட்டார் ஷெட்டில் சேர்ந்தான். நான் ஸ்கூல் பைனல் தேறினேன். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். தேறிய செய்தியைச் சொன்னபோது அப்பா தறியில் இருந்தார். ஊடை நூலை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "பாஸா?" என்றார். "பாஸுப்பா" என்றேன். நாடா மறுபடி ஓடியது. அது சந்தோஷம்தான். எங்கள் வீட்டில் சந்தோஷம் அவ்வளவு சத்தம்தான் போடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அது தவறு என்று மோட்டார் வந்த பிறகு தெரிந்தது.

அப்பா யாருக்கு நெய்தாரோ அந்தப் பட்டு முதலாளியிடமே நான் இங்கிலீஷ் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். அவர் ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்கினார். அதை ஓட்ட மெட்ராசிலிருந்து வந்து இறங்கியவன் அவன். ஒருநாள் முதலாளி அப்பாவை வாலாஜாபாத் வரை வண்டியில் கூட்டிப் போனார். அன்று சாயங்காலம் அப்பா தெருவெல்லாம் கேட்கும்படி பேசினார்.

"அவன் கை வெச்சாக்கா வண்டி பசுமாடு மாதிரி நிக்குது! பாலாத்து மணல்ல கூட ஒரு குலுக்கு இல்ல. அது கைப்பா, கை!"

நான் எழுதிய கடிதம் ஒன்று அதே வாரம் பம்பாய் வரை போயிருந்தது. அதில் யாரும் ஏறி உட்கார முடியாது. நான் என்ன செய்ய?

அந்த வண்டியில் கியர் கம்பி தரையைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். துளை தெரியாமல் கம்பியின் அடியில் தோலால் ஒரு சிறிய பாவாடை கட்டியிருந்தார்கள். வண்டி வாங்கிய மூன்றாம் மாதமே அது கிழிந்துவிட்டது. கீழேயிருந்து செம்மண் தூசியும் எஞ்சினின் எண்ணெய்ப் புகையும் நேராக உள்ளே வந்தன. ஒரு கல்யாண வீட்டுக்குப் போன சேலை மூட்டையில் கறுப்பாக ஒரு தீற்று விழுந்து, சேலை திரும்பி வந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று திருத்தணிக்குப் போய் வள்ளிக்கும் தெய்வானைக்கும் இரண்டு சேலை சாத்துவதாக முதலாளிக்கு வேண்டுதல். சேலைகளை அப்பா நெய்துகொண்டிருந்தார். மயில் கழுத்து நிறம் ஒன்று, அரக்கு ஒன்று. வண்டியின் இருக்கைகள் தோல் என்பதால் சாமி பட்டு போகும் நாளுக்கென்று வெள்ளை வேட்டி விரிக்க முதலாளி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். அவ்வளவு ஆசாரம்.

"கிருத்திகைக்குள்ள அந்த ஓட்டைய அடைக்கணும்" என்று அவனிடம் சொன்னார். "சாமி சேலையில ஒரு பொட்டு அழுக்கு பட்டுதுன்னா நீ வேற வேல பாத்துக்க."

அவன் என்னிடம் வந்தான்.

"மெட்ராஸ் கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுபா. கியர் பூட்ஸு ஒண்ணு வேணும்னு எழுது."

"பூட்ஸா? கியர் கம்பி கால்ல போட்டுக்கினு நடக்குமா?"

பக்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்துவிட்டார். அவனும் சிரித்தான். அதுதான் எனக்குப் பிடிக்காது. அவனைக் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"ஷெட்டுல அப்டிதாம்பா சொல்லுவாங்க. நீ படிச்சவன். வண்டியோட வந்த புக்கு உங்கிட்டதானே இருக்குது? பாத்து எழுது."

அவன் போனபின் புத்தகத்தைப் பிரித்தேன். படத்தில் கியர் கம்பியின் அடியில் ஓர் அம்புக்குறி, அதற்கு நேராக நாலே எழுத்து. அவன் சொன்ன அதே சொல், கடைசி 'ஸு' மட்டும் இல்லை. பென்சிலால் அதன்கீழ் ஒரு கோடு போட்டேன். படிக்கும் காலத்துப் பழக்கம் அது, புதிய பிரயோகம் கண்டால் கோடு போடாமல் இருக்க முடியாது.

பதினோரு வருஷம் படித்த எனக்குச் செருப்பு என்று மட்டுமே தெரிந்த சொல்லின் இன்னொரு அர்த்தம், ஷெட்டில் காதால் கேட்ட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. புத்தகத்தை மூடினேன். கம்பெனிக்கு "தோல் உறை ஒன்று அனுப்பவும்" என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். மறுநாள் அவனிடம், "புக்குல அப்டி ஒண்ணும் இல்லபா" என்றேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இருக்கை உறையா, மேற்கூரை உறையா, எது என்று விளங்கவில்லை, புத்தகத்தில் உள்ள பெயரைக் குறிப்பிட்டு எழுதவும் என்றிருந்தது. அந்தக் கடிதத்தைத் தபால் கட்டின் அடியில் செருகினேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் முதலாளி கேட்டார்.

"இன்னாபா, அந்தச் சாமான் வந்துச்சா?"

"பேரு சரியா தெரியலீங்க ஐயா. டிரைவரு பூட்ஸு பூட்ஸுங்கறாரு."

இரண்டாவது வாக்கியத்தில் பொய் ஒரு சொல்கூட இல்லை. முதலாளியின் முகம் மாறியது.

"பூட்ஸா? சாமி சேலை போற வண்டிக்குள்ள செருப்பு வாங்கி மாட்டணுமா? அவனுக்கு இன்னா, தொரை ஆயிட்டோம்னு நெனப்பா?" வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கிருத்திகைக்கு மொத நாள் மத்தியானம் வாலாஜாபாத் டிரைவரை வரச் சொல்லி ஒரு கார்டு எழுது. ஓட்டை அப்டியே இருந்துதுன்னா இவன் கணக்க முடிச்சுடலாம்."

கார்டை நானே எழுதினேன். கையெழுத்து அன்று மிக அழகாக வந்தது. அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. இரண்டு தெரு நடப்பதற்குள் அது போய்விட்டது. ஆனால் முதலில் குளிர்ந்தது என்பதை மறைக்க எனக்கு மனமில்லை.

வீட்டுக்கு வந்தால் அவன் அங்கே உட்கார்ந்திருந்தான், அப்பாவின் தறிக்குப் பக்கத்தில்.

"மெட்ராஸை நம்பினா ஆவாது மாமா. நாமளே தெச்சுடலாம். ஆனா தோலு வேணாம், மொதலாளி திட்டுவாரு."

"கித்தான்ல தெச்சா?" என்றார் அப்பா.

"தூசி நிக்கும். கம்பி நாலு பக்கமும் போவணும், அதான் கஷ்டம். இறுக்கமா தெச்சா கியரு விழாது. தொளதொளன்னு விட்டா கம்பில மாட்டிக்கும்."

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். நான் தேறிய செய்திக்கு எழாதவர். ஒரு குச்சியைத் தரையில் ஊன்றி, நாலு பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு முரட்டுக் கித்தான் துணியில் கொசுவம் வைத்து மடித்தார், பெண்கள் சேலைக்கு வைப்பது போல, அடியில் அகலமாய், மேலே குறுகலாய். மெழுகு தேய்த்த நூலால் இரட்டைத் தையல் போட்டார்.

"கொசுவமா! மாமா, ஷெட்டுல யாருக்கும் இது தோணலயே!"

"சேலை கட்டுறவ நடக்க வேணாமா? அதே கணக்குதான்" என்று அப்பா சிரித்தார்.

இருவரும் சிரித்தார்கள். நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். "வந்துட்டியா" என்றுகூட அப்பா கேட்கவில்லை. அன்று சோற்றில் உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

கிருத்திகைக்கு முதல் நாள் காலை முதலாளி வீட்டு வாசலில் வண்டி நின்றது. பழைய தோலை எடுக்கவேண்டும் என்றால் முதலில் கம்பியின் உச்சியில் இருக்கும் குமிழைக் கழற்றவேண்டும். அது அசையவில்லை. அவன் திருகினான், துணி சுற்றித் திருகினான், மண்ணெண்ணெய் விட்டுத் திருகினான். உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தது. அப்பா கொசுவம் வைத்த கித்தானைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வாலாஜாபாத் டிரைவர் மத்தியானம் வந்துவிடுவான். கணக்கெழுதுகிறவர் சொல்லி அது நம்மவனுக்கும் தெரிந்திருந்தது, கார்டு எழுதியது யார் என்பது உட்பட.

"சுத்தியால தட்டிப் பாக்கவா மாமா?"

"ஒடைஞ்சுடும்பா, வேணாம்." அப்பா நிமிர்ந்து என்னைத் தேடினார். "டேய், நீ படிச்சவனாச்சே! அந்தப் புக்குல இதுக்கு ஏதாவது போட்டிருக்குதா பாருடா!"

என் படிப்பால் ஆகக்கூடிய ஒரு காரியத்தை அப்பா என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனைக் காப்பாற்ற நான் ஓடவில்லை. அப்பா கேட்டதற்காக ஓடினேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கும்போதுதான், எந்தப் பக்கத்தைப் பிரிக்கவேண்டும் என்பது உறைத்தது. கியர் கம்பியின் படம் ஒரே பக்கத்தில்தான் இருந்தது, நான் கோடு போட்ட பக்கத்தில்.

பிரித்தேன். படித்தேன். "குமிழுக்குக் கீழே ஒரு வளையம். அதில் ஒரு சின்ன திருகு இருக்கும். அதைத் தளர்த்திட்டுத்தான் குமிழைத் திருகணுமாம்."

அவன் விரலால் தடவினான். அழுக்கு அடைத்துக் கிடந்த இடத்தை ஆணியால் சுரண்டினான். திருகு தெரிந்தது. அரை நிமிஷத்தில் குமிழ் அவன் கைக்கு வந்தது.

"அடேயப்பா! அதான் படிப்புன்றது!" என்றார் அப்பா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதை நான் அனுபவிக்க முடியவில்லை. அவன் என் தோளுக்குமேல் எட்டிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது பாரம் வரை படித்தவன்தானே. எழுத்துக் கூட்டினான்.

"பி... ஓ... ஓ... டி..."

புத்தகத்தை மூடப் பார்த்தேன்.

"பூட்டு!" என்றான் சத்தமாக.

முதலாளி வெற்றிலைப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். "இன்னா பூட்டு?"

"இதாங்க மொதலாளி, இந்தச் சாமானோட பேரு. புக்குலயே போட்டிருக்குது."

"பூட்டா?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்டியாபா? பூட்டுன்னா போட்டிருக்குது?"

அந்தச் சொல்லை எப்படி உச்சரிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் செருப்பு வகை என்றும் தெரியும். யார் தப்பாகப் படித்தாலும் திருத்தாமல் எனக்கு வாய் நிற்காது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பார்க்கவில்லை. குனிந்து, பழைய தோலைத் தரையோடு பிடித்திருந்த வளையத்தின் நாலு திருகையும் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க ஐயா. பூட்டுதான்."

"அத்தெ மொதல்லயே சொல்றதுக்கு இன்னா! வண்டிக்குப் பூட்டு போட வேண்டியதுதானே, யாரு வேணான்னா? பூட்ஸு பூட்ஸுன்னு என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கினான்." முதலாளி கித்தானைத் தொட்டுப் பார்த்தார். "தோலு இல்லியே? நல்லது. வாலாஜாபாத்துக்காரன் வந்தா காப்பி குடுத்து அனுப்பிடு."

அவர் உள்ளே போனார். கித்தான் கம்பிவழியே இறங்கியது. கொசுவம் சரியாக விரிந்து உட்கார்ந்தது. அவன் வளையத்தை வைத்துத் திருகுகளை முடுக்கினான். நாலு பக்கமும் கியர் போட்டுப் பார்த்தான். ஒரு இடத்திலும் மாட்டவில்லை.

அப்பா தண்ணீர் குடிக்கப் போனபோது அவன் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"கோடு கீறி வெச்சிருக்கியேபா."

நான் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஷெட்டுல ஒருத்தன் இருந்தான். தனக்கு மேல ஒருத்தனையும் வரவுட மாட்டான்" என்றான். குமிழை மறுபடி மாட்டப் போய்விட்டான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அதற்கும் அவன் இடம் வைக்கவில்லை. அந்த விஷயத்திலும் என்னைவிட ஒருபடி மேலே நின்றுவிட்டான் என்று எரிந்தேன். வெட்கப்பட வேண்டிய நேரத்திலும் எனக்கு வந்தது அதுதான்.

மறுநாள் விடியும்போது வண்டி புறப்பட்டது. முதலாளி பின்னால் வெள்ளை வேட்டிமேல் உட்கார்ந்தார். நெய்தவர் என்பதால் அப்பாவுக்கு முன் இருக்கை. மடியில் சேலை மூட்டை.

"நீயும் ஏறுபா, எடம் இருக்குது" என்றான் அவன்.

"லெட்டர் எழுத வேண்டியது கெடக்குது" என்றேன்.

வண்டி கிளம்பியது. தெரு முனையில் திரும்பும்போது கையசைக்கலாம் என்று நின்றிருந்தேன். அப்பா திரும்பவில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் கியர் மாற்றும்போது தாம் வைத்த கொசுவம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.