செவெல் வண்டிக்கு ஐந்து வருஷம்

ராஜபாளையத்தில் யோகேஸ்வரி பார்க்காத வேலை குறைவு. பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டினாள், நைட்டி தைத்தாள், மினி லாரி ஓட்டினாள். எதிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. கடைசியாக வண்டி ரிப்பேர் ஒர்க்‌ஷாப் போட்டபோது அவளுக்கு வயது நாற்பத்தெட்டு.

ஒரு மில்லின் பழைய ஷெட்டை இடிக்கும்போதுதான் அந்த வண்டி அவள் கண்ணில் பட்டது. அறுபத்தாறாம் வருஷத்து செவர்லே செவெல், ஸ்டேஷன் வேகன். முன்னால் கார், பின்னால் வேன் மாதிரி நீண்ட உடம்பு, இடப்பக்கம் ஸ்டியரிங். அமெரிக்காவில் பிள்ளைகுட்டிகளோடு ஊர் போக வைத்திருந்த நடுத்தர வண்டி. பிறகு அங்கேயும் வேன்கள் வந்து அதை ஓரங்கட்டிவிட்டன. இங்கே மெஷின் பூட்ட வந்த இன்ஜினியர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, திரும்பும்போது விட்டுப்போனார். பிறகு வண்டி மில் முதலாளி வீட்டார் பதினோரு பேரைக் குற்றாலத்துக்குச் சுமந்தது, அப்புறம் நூல் மூட்டை சுமந்தது, கடைசியில் அதற்குள் கோழி முட்டையிட்டது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை யோகேஸ்வரி வாங்கி இழுத்துவந்துவிட்டாள்.

"இதை வச்சு என்னட்டி செய்யப்போற?" என்றான் புருஷன் சுந்தரபாண்டியன்.

"ஓட்டப்போறேன்."

ஏழு மாதம் வண்டியைப் பிரித்துப் பூட்டினாள்; வீட்டில் நிம்மதியில்லை. சோற்றில் கைவைத்தவள் பாதியில் எழுந்துபோய் எதையாவது திருகிவிட்டு வருவாள். "செத்த நேரம் உக்காரேன்" என்றால் முறைப்பாள்.

பதிவைப் புதுப்பிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைக் காட்டக் கொண்டுபோன நாள், மே மாத வெயில். பாதி வழியில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பானெட்டைத் திறந்தவளுக்குத் தன் தப்பு உடனே தெரிந்தது. பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயை ஒட்டிப் போட்டிருந்தாள். சூட்டில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிட்டது.

"போதும்ட்டி, வீட்டுக்குப் போவோம்" என்றான் கூட வந்த சுந்தரபாண்டியன்.

"பன்னிரண்டு மணிக்குள்ள அங்க இருக்கணும். அந்தத் தண்ணிக் கேனை எடுங்க."

சீட்டுக்கடியில் கிடந்த பேண்டேஜ் துணியை நனைத்துப் பெட்ரோல் குழாயில் சுற்றினாள். பத்து நிமிஷம் காத்திருக்க முடியாமல் சாலையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மூன்றாவது முறை சாவி திருப்பியதும் வண்டி உறுமியது.

ஆபீசில் இன்ஸ்பெக்டர் குனிந்து, நிமிர்ந்து, பிரேக்கை அழுத்திப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. இடது பக்க ஸ்டியரிங்னு பின்னால எழுதணுமே? எழுதிட்டு இன்னொரு நாள் வாங்க."

"இன்னொரு நாளா?"

எதிர்க் கடைக்கு ஓடினாள். சின்ன டப்பா பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்து பின்கதவில் அவளே எழுதினாள். கடைசி எழுத்து கோணிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "ஐந்து வருஷத்துக்கு ஓட்டலாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து, இனி இவள் அடங்குவாள் என்று சுந்தரபாண்டியன் நம்பினான்.

தினமும் காலையில் அந்த வண்டி தளவாய்புரத்துக்கு நைட்டித் துணிக்கட்டு ஏற்றிப்போனது. ஒரு மாதம் ஓட்டினாள். அதற்குள் அலுத்துப்போய்ச் சாவியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். இப்போது இடப்பக்கம் உட்கார்ந்து அவன்தான் ஓட்டுகிறான். யோகேஸ்வரி தேவதானத்தில் யாரோ கிணற்றோரம் ஓடாமல் போட்டுவைத்த டீசல் இன்ஜினைப் பார்த்துவரக் கிளம்பிவிட்டாள்.