கூடுதலாக ஒரு பாட்டு

பரணிலிருந்து இறக்கிய கேசட்டின் பிளாஸ்டிக் நெடி, எண்பதுகளில் திருச்சி மெயின்கார்டுகேட்டில் இருந்த பாட்டுப் பதிவுக் கடைக்கு இழுத்துப்போனது. ஸ்ரீரங்கத்திலிருந்து நண்பன் ரகுவும் நானும் டவுன் பஸ்ஸில் போய், உயிராய் நினைத்த ஹார்ட் ராக் குழுவின் பாட்டுகள் நாடாவில் ஏறும்வரை, ரெக்கார்டரில் துடிக்கும் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்போம். "ஒரு பாட்டு கூடுதலா ஏத்தியிருக்கேன் தம்பி" என்பார் கடைக்கார அண்ணன், உச்சி குளிர்ந்துபோகும். சுவர் போஸ்டரில் பாடகனை மறைத்து நின்ற கிட்டார்காரனைத்தான் ரகுவுக்குப் பிடிக்காது. "இவன் என்னத்தடா கிழிச்சான்?"

இன்று அந்தக் கேசட்டில் இருந்த ஒரு பாட்டைச் செல்போனில் போட்டேன். எங்கள் கேசட்டில் பாட்டு முடிகிற இடத்தில், கிட்டார் தனியாகக் கிளம்பி, கெஞ்சி, சீறி, நிற்கவே மாட்டேன் என்றது. குரல் இல்லாத இடமெல்லாம் வீண் என்று வெட்டி, மிச்சமான நாடாவில்தான் அந்தக் கூடுதல் பாட்டை ஏற்றிக் கொடுத்திருக்கிறார் கடைக்கார அண்ணன், பாவி மனுஷன்.

ரகுவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"யார்ரா இது வாசிக்கிறது?"