இப்போது அவர் சொன்னதுதான் சரி

பின்னலாடைத் தொழிலுக்கான இணையக் குழு ஒன்றில் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று காலை முதன்முதலாக வாயைத் திறந்தேன்.

புதிதாக யூனிட் தொடங்கிய ஒருவர், "ரோலைப் பிரிச்சதும் துணியை வெட்டலாமுங்களா?" என்று கேட்டிருந்தார்.

அனுபவசாலி ஒருவர், "உடனே வெட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

"இல்லீங்க, அது தப்புங்க. ஒரு நாள் விரிச்சுப் போடலீன்னா தச்ச பொறகு சுருங்கிருமுங்க" என்று எழுதினேன்.

மதியம் பார்த்தால் அவர் தன் பதிலைத் திருத்தியிருந்தார். "ஒரு நாள் விரிச்சுப் போட்டுட்டு வெட்டுங்க." திருத்திய அடையாளம் எதுவும் இல்லை. அதற்குக் கீழே என்னுடைய "அது தப்புங்க" அப்படியே நிற்கிறது.

"ஏங்கண்ணு, அண்ணன் சொன்னதையேதான நீயும் சொல்ற? அப்பறம் எதுக்குத் தப்புங்கற?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். அதில் எங்கள் மேனேஜரும் ஒருவர்.

பக்கத்து இருக்கை அக்கா, "நீயும் உன்றத மாத்திரு, முடிஞ்சுது" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் அளவுத்தாளில் ஓர் எண்ணை மாற்றினால், பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். வெள்ளை மை பூசினால் தாளையே திருப்பி அனுப்புவார், சிரித்த அதே மேனேஜர்.

என் பதிலை நான் மாற்றவில்லை. ஆனால் வேலையும் ஓடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போட்ட பதிவைத் திருத்தும் வசதி வேண்டுமா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள். இந்தப் பதிவையே இதற்குள் மூன்று முறை திருத்திவிட்டேன்.