புள்ளியா, பொட்டா?

மேனாம்பேட்டில் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்தவர் நெட்டையான மனிதர். பழைய ஃபிலிம் கேமராவைப் பூத்துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டுதான் படியேறுவார். ஊர்ப்பக்கம் போய் நட்சத்திரங்களைப் படம் பிடிக்க ஆசை. கையில் இருந்ததோ ஒரே ஃபிலிம் சுருள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், மொட்டைமாடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் எண்ணெய்க் காகிதம் ஒட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பூந்தமல்லிப் பக்கம், தூரத்தில் மெட்ரோ கிரேனில் எரிந்த சிவப்பு விளக்கு அந்தக் காகிதத்தில் விழுந்திருந்தது.

"கண்ல பொரை வுழுந்து எல்லாம் மங்கலா கீதும்மா. தூரத்து விளக்கு சரியா வுழுந்தா நட்சத்திரமும் சரியா வுழும். நான் லென்ஸ் வளையத்தைத் திருப்பறேன். புள்ளி ரொம்பச் சின்னதாவும்போது சொல்லுங்க. தப்பாச்சுன்னா சுருள் பூரா வீண்."

பக்கத்தில் இருந்த என் மருமகள் சிரித்தாள். "அத்தைக்கு பஸ் போர்டே படிக்க வராது சார்!"

"படிக்க வேணாம்மா. கீரைல ஒரு புழு அவங்க கண்ணுக்குத் தப்பாது. தெனம் பாத்துகினுதான கீறேன்."

குனிந்தேன். பொட்டு கடுகாகி, கடுகு ஊசிமுனையாகி, மறுபடி கடுகானது.

"தாண்டிடுச்சு நைனா, பின்னால திருப்பு... நிறுத்து!"

அவர் தானும் ஒருமுறை குனிந்து சரிபார்க்கவில்லை. வளையம் நகராமல் இருக்க, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அதன் மேல் ஒட்டினார். ஃபிலிமைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்.

கழுவி வந்த படத்தையும் முதலில் என்னிடம்தான் நீட்டினார். "புள்ளியா கீதா, பொட்டா கீதா?"

"புள்ளிதான் நைனா. அத்தனையும்."

அப்புறம்தான் மூச்சு விட்டார். வேறு யாரிடமும் கேட்கவில்லை. அவர் வீடு மாறிப்போய் நாளாகிறது. கீரைப் புழுவை மட்டும் வைத்து என்னை ஏன் அவ்வளவு நம்பினார் என்று இன்னும் விளங்கவில்லை. பெருமை மட்டும் குறையவே இல்லை.