மூன்று நீலச்சிறகிகள்

என் மேசையில் ஒரு கை கவுன்ட்டர் கிடக்கிறது. கட்டை விரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும். அதில் 412 என்று நிற்கிறது. யாராவது விளையாட்டாகக் கையில் எடுத்தாலே எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அது எங்கள் சூப்பர்வைசருடையது. ஓசூரில் ஒரு போல்ட் கம்பெனியின் தரச் சோதனைப் பிரிவில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பெட்டியை அனுப்புமுன் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துவந்தால்தான் கையெழுத்து. நல்ல வழக்கம்தான், போல்ட்டுக்கு. மனிதர் அதை ஏரிக்கும் கொண்டுவந்து தொலைத்தார்.

ஜூஜுவாடிப் பக்கத்து ஏரி அது. மார்ச் மாதத்தில், வடக்கே திரும்பும் நீலச்சிறகி வாத்துகள் சில வாரம் அங்கே இறங்கி இரையெடுக்கும். ஏரியை மூடி லாரி நிறுத்தம் கட்டப் பேச்சு நடந்தது. "எத்தனை பறவை வருதுன்னு மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுங்க, பார்க்கலாம்" என்றார் ஓர் அதிகாரி. எழுதிக் கொடுக்க எங்கள் இருவரை விட்டால் வேறு நாதியில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். முதல் இரண்டு வாரமும் கணக்கு ஒத்துவரவில்லை. கடைசி வாரம் அவருக்கு 412, எனக்கு 409.

"மூணு குறையுதேப்பா. திரும்ப எண்ணு."

"சார், இது போல்ட்டா சார்? பறக்குது. உத்தேசமாப் போட்டுக் குடுத்துடலாம்."

"உத்தேசம்னு நான் கையெழுத்து போட்டதே இல்லப்பா."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் என் கவுன்ட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி முடிப்பதற்குள் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மொத்தக் கூட்டமும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வடக்கே போனது. கையெழுத்து விழாத கணக்குத் தாள் அவர் பையிலேயே தங்கிவிட்டது.

இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. மூன்று வாத்துக்காக ஓர் ஏரியை விட்ட மனிதர் என்று போகிற இடமெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். போன வருஷம் ஓய்வு பெற்ற அன்று கவுன்ட்டரை என் கையில் வைத்து, "உன் கணக்கே சரியா இருந்திருக்கும்பா" என்றார். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? கேட்க வாயெடுத்தேன். முடியவில்லை.

ஏனென்றால், 409 என்று எழுதி நான் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அந்த அதிகாரி இரண்டு கையெழுத்துக் கேட்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். கவுன்ட்டர் இன்னும் 412-லேயே நிற்கிறது.