நேசன் அண்ணையின் மிஸி

ராணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஓகூஸ் நகரில் இருக்கும் அவருடைய மகள் அனித்தாவின் அழைப்பில் வந்தது. நான் வேலை செய்யும் வைத்தியசாலைச் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அனித்தா இங்கே டென்மார்க்கில் பிறந்தவள்; என்னோடு எப்போதும் டேனிஷில்தான் கதைப்பாள். அன்று தமிழில் சொன்னாள்: "அன்ரி, அம்மா வேலைக்குப் போகேக்க பஸ் ஸ்டொப்பில விழுந்திட்டா. இதயம் நிண்டுட்டுதாம்." பிறகு, "அப்பாவுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டாள்.

இந்தச் சபை மலரை வாசிக்கும் உங்களில் பலர் ஆராதனையில் பின்வரிசையில் அக்காவைப் பார்த்திருப்பீர்கள். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், இஷொய் தொடர்மாடியில் அவர் வீட்டுக் கதவும் என் வீட்டுக் கதவும் எதிரெதிரே. அவருடைய கணவர் நேசன் அண்ணை ஒரு குளிர்காலத்தில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். உயிர் மிஞ்சியது. கலியாணம், மகள், டென்மார்க் எதுவும் நினைவில் மிஞ்சவில்லை. இலங்கையை விட்டு வெளிக்கிட முந்திய இளந்தாரியாகவே கண் விழித்தார். புதிதாக எதைச் சொன்னாலும் ஒரு நித்திரையோடு அதுவும் போய்விடும்; நாளும் பார்க்கிற முகங்கள் மட்டும் பழகியிருந்தன. வீட்டை ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்றும், தனக்குச் சோறும் மருந்தும் தரும் பெண்ணை அங்கே வேலை பார்க்கும் தாதி என்றும் எடுத்துக்கொண்டார். ஊர் வழக்கப்படி "மிஸி" என்று மரியாதையாக அழைத்தார்.

அக்கா வேலை செய்த பாண் தொழிற்சாலையில் ஒரு வியட்நாம் பெண் அவருக்குக் கொரிய நாடகமொன்றின் டிவிடிகளைக் கொடுத்திருந்தாள். அதில் கலியாணம் முடிந்த கையோடு மணப்பெண் குளத்தில் விழுந்து எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள். மாப்பிள்ளை தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருப்பவனாக நடிக்கிறான். கள்வன் என்று நினைத்து அவள் அவனைச் சட்டியால் அடிக்கிறாள். பாஷை விளங்காவிட்டாலும் நேசன் அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பார். அடுத்த நாள் அதே காட்சிக்கு முதல்தரம் பார்ப்பவராகவே திரும்பவும் சிரிப்பார். "பாருங்கோ மிஸி, கட்டின புருசனை மறந்து போனாளாம்! இப்பிடியும் ஒரு மறதியோ?" என்பார். "ஓம், நாடகம்தானே," என்பார் அக்கா.

கடைசிப் பாகத்தில் மாப்பிள்ளை கலியாண உடுப்போடு வந்து நிற்க அவளுக்கு எல்லாம் திரும்பி வருகிறது. அதைப் பார்த்த கிழமையே அக்கா என்னைக் கூப்பிட்டு, தன் கூறைச் சேலையை உடுத்திவிடச் சொன்னார். "டொக்டர் ஞாபகம் திரும்பி வராது எண்டுதான் சொன்னவர். எண்டாலும் ஒருக்கால் பாப்பமே," என்றார். நான் மடிப்பைப் பிடித்து ஊசி குத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கணவருக்கு முன்னால் போய் நின்றார். நேசன் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "வடிவா இருக்கு மிஸி. எங்கையும் கலியாண வீட்டுக்கோ? நேரத்துக்குப் போங்கோ, நான் தனிய இருப்பன்," என்றார். அக்கா அறைக்குள் போய் வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினார். அந்தச் சேலையைப் பிறகு நான் காணவில்லை.

அந்த வருடம்தான் வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. நேசன் அண்ணையின் தாயும் அக்காவின் தம்பியும் உள்ளே அகப்பட்டிருந்தார்கள். கொப்பன்ஹேகனில் எங்கட சனம் சண்டையை நிறுத்தக் கேட்டுப் பதாகைகளோடு நின்றது. அக்கா போகவில்லை; வீட்டில் செய்தி போடவும் இல்லை. மே மாதத்தில், முகாமுக்கு வந்து சேர்ந்த உறவினர் ஒருவர் மூலம் தாய் ஷெல் விழுந்து செத்துப்போனது தெரிந்தது. தம்பியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

மகனுக்கு மறைப்பது பாவம் என்று நினைத்து அக்கா நேசன் அண்ணையிடம் அதைச் சொல்லிவிட்டார். அவர் சுவரில் தலையை மோதி அழுதார். என் வீட்டுக்குள்ளும் கேட்டது. நித்திரை கொண்டு எழும்பியதும், "மிஸி, அம்மா போன் எடுத்தவவோ?" என்று கேட்டார். அக்கா இரண்டாம் முறையும் சொன்னார். அதே அழுகை, அதே சுவர். மூன்றாம் முறை கேட்டபோது, "ஓம், எடுத்தவ. சுகமாய் இருக்கிறாவாம்," என்றார்.

அன்று அக்கா என் குசினிக் கதிரையில் வந்து இருந்தார். "தாய் செத்தா ஒருத்தன் ஒருக்கால்தான் அழுவான். அவரை நான் ரெண்டு தரம் அழ வைச்சிட்டன்," என்றார். நான் கையைப் பிடித்தேன். "எனக்குத் தம்பியை நினைச்சு அழ ஒரு வீடு இல்லை. அங்க அழுதா ஏன் எண்டு கேப்பார். இங்க கொஞ்ச நேரம் அழட்டோ?" என்றார். அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போனார்.

கர்த்தர் ஒரு வழி காட்டுவார் என்று நான் ஒருமுறை சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "வழி இல்லாட்டிலும் நாளைக்கு விடியும். அவருக்குப் பசிக்கும்," என்றார். அந்த வருடத்துக் குளிர் தொடங்கமுன் அக்காவே போய்விட்டார்.

அடக்க ஆராதனைக்கு நேசன் அண்ணையைக் கூட்டி வந்திருந்தோம். அவருக்கு யார் என்ன சொல்வது என்று முடிவெடுக்காமலே வந்துவிட்டோம். பெட்டிக்குப் பக்கத்தில் போய் முகத்தைக் குனிந்து பார்த்தார். "இது எங்கட வார்ட் மிஸி எல்லோ," என்றார். பிறகு சுற்றிவரப் பார்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நல்ல பிள்ளை, பாவம். இவவுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் வரேல்லையோ?" அனித்தா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வந்திருக்கினம்," என்று நான் சொன்னேன். "அது காணும்," என்று தலையாட்டினார்.

இப்போது அவர் அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அவருடைய தமிழ் அங்கே ஒருவருக்கும் விளங்காது. நான் போகிற நாட்களில் தாயைக் கேட்பார். ராணி அக்காவை ஒருநாளும் கேட்டதில்லை.

நான் அக்காவிடமிருந்து நினைவாக வைத்திருப்பது ஆறுதலான ஒன்று அல்ல. வேலை முடிந்து படியேறி வருபவர் தன் கதவுக்கு முன்னால், திறப்பைக் கையில் பிடித்தபடி நிற்பார். என் கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். உள்ளே தன்னை அறிந்தவர் எவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றுவார், நெற்றியைத் துடைப்பார். பிறகு கதவைத் திறந்து, புதிதாக ஒரு வீட்டுக்கு வந்தவரைப் போல, "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்பார்.